வன்னியில் ஹோட்டல் கல்யாணம்: வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

இலங்கையின் வடக்கில், வன்னிப் பக்கத்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஹோட்டல் மண்டபங்களில் கல்யாண ஏற்பாடு செய்துகொடுப்பது என் தொழில். ஹோட்டல்காரருக்கும் கல்யாண வீட்டுக்காரருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்திலும் ஏச்சு வாங்குகிறவன் என்றும் சொல்லலாம். தொலைபேசியில் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதில் பாதி, முற்பணம் கட்டிய பிறகு வருகிறது. முன்னாடியே வாசிக்கட்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

ஹோட்டலில் தாலி கட்டலாமா? கோவிலில்தான் கட்ட வேண்டும் என்கிறாரே எங்கள் அம்மம்மா?

சைவக் கல்யாணத்துக்குக் கோவில் கட்டாயமில்லை. உங்கள் அம்மம்மாவுக்கே பெரும்பாலும் வீட்டு முற்றத்துப் பந்தலில்தான் நடந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். மணவறை, கும்பம், அரசாணிக்கால், அம்மி, ஓமம், ஓதத் தெரிந்த குருக்கள் இவ்வளவும் இருந்தால் அந்த இடம் கல்யாணத்துக்கு உரிய இடம்தான்.

வன்னியில் இப்போது மூன்று விதமாக நடக்கிறது. ஒன்று, காலையில் கோவிலில் தாலி கட்டி, மத்தியானம் ஹோட்டலில் சாப்பாடு. இரண்டாவது, ஹோட்டல் மண்டபத்துக்குள்ளேயே மணவறை போட்டு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் முடிப்பது. மூன்றாவது, தாலி கட்டுவதை வீட்டிலோ ஊர்க் கோவிலிலோ ஒரு நாள் வைத்துவிட்டு, வரவேற்பை வேறொரு நாள் பின்னேரம் ஹோட்டலில் வைப்பது.

என்னைக் கேட்டால் முதலாவதுதான் நல்லது. இதனால் எனக்கு வருமானம் குறைகிறது, ஆனாலும் அதைத்தான் சொல்வேன். கோவிலில் ஓமப் புகைக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஊர்ச்சனம் நடந்தே வந்து தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஹோட்டலுக்கு வரக் கூச்சப்படும் கிழவிகளும், அன்றைய கூலி வேலையை விட முடியாத சொந்தங்களும் அறுகரிசி (அட்சதை) போடுவது அங்கேதான். ஒன்று மட்டும் கவனியுங்கள். முகூர்த்த நாளில் அதே கோவிலில் இன்னும் இரண்டு கல்யாணம் இருக்கலாம். கோவில் நிர்வாகத்திடம் நேரத்தையும், அவர்கள் கேட்கும் கடிதங்களையும் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

மண்டபம் பார்க்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாரும் மேலே தொங்கும் லைட்டைப் பார்க்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் புகை காட்டும் கருவியைப் பாருங்கள்.

சில வருடத்துக்கு முன் ஒரு ஹோட்டலில், குருக்கள் நெய்யை ஊற்ற, மேளம் கெட்டிமேளத்துக்குத் தயாராக, சரியாக அந்த நேரம் பார்த்துத் தீ அபாய மணி அலறியது. சனம் வாசலுக்கு ஓடியது. மாப்பிள்ளை கையில் தாலிக்கொடியோடு எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றார். தாலி கட்டப்பட்டது, கெட்டிமேளத்துக்குப் பதிலாக அபாய மணிச் சத்தத்தோடு. வீடியோவில் இன்றைக்கும் அது கேட்கும். அதற்குப் பிறகு நான் மண்டபத்துக்குள் போனதும் முதலில் கேட்பது, ஓமம் வளர்க்கும்போது இந்தக் கருவியை யார் நிறுத்துவார், முடிந்ததும் யார் திரும்பப் போடுவார், அவருடைய பெயர் என்ன என்பதுதான். 'அதெல்லாம் பிரச்சினை இல்லை' என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். குளிரூட்டி ஓடும் மூடிய மண்டபத்தில் புகை வெளியே போக வழியும் வேண்டும். இரண்டு யன்னலாவது திறக்கக்கூடியதாக இருக்கட்டும். 'தம்பி, ஐயர் இருமிறார், அந்த ஏசியை நிப்பாட்டு' என்று பாதிக் கல்யாணத்தில் ஒரு பெரியவர் என்னிடம் சொல்லாத நாளே இல்லை.

அப்புறம் மேடை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் கிழக்கு நோக்கி இருக்க முடியுமா என்று பாருங்கள். பல ஹோட்டல்களின் மேடை, வீதியைப் பார்த்துக் கட்டியதே தவிர திசையைப் பார்த்துக் கட்டியதில்லை. மணவறைக்காரரின் மேற்கூரை அந்த உயரத்துக்குள் நிற்குமா என்று அளந்து கேளுங்கள். மேடையை மூன்று முறை சுற்றி வர இடம் வேண்டும். படிகளில் கைபிடி வேண்டும், தாத்தாமாருக்கு. ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதோடு, அது குளிரூட்டியையும் இழுக்குமா, லைட்டை மட்டும்தானா என்றும் கேட்க வேண்டும். பஸ் திரும்ப இடம் இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. ஏ9 வீதியோரத்தில் பஸ்ஸை நிறுத்திச் சனத்தை இறக்குவது ஆபத்து.

மகளுக்குப் புல்வெளியில், திறந்த வெளியில் வேண்டுமாம். சரிவருமா?

படத்தில் சரிவரும். வைகாசி முதல் ஆவணி வரை இங்கே சோழகம் அடிக்கும். சும்மா காற்றில்லை, செம்மண்ணையும் சருகையும் அள்ளிக்கொண்டு வரும் காற்று. அதில் ஓமம் வளர்த்தால் தணல் பறக்கும். பந்தலில் கட்டும் மெல்லிய துணிக்கும் கூறைச் சேலைக்கும் அது ஆகாது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. குளங்கள் நிரம்பி வான் பாயும் காலத்தில் புல்வெளியில் கதிரை போட்டால் கதிரைக்கால் இறங்கிவிடும்.

மிஞ்சுவது தை பாதியிலிருந்து பங்குனி வரை. அதிலும் காலை எட்டு மணிக்குள் அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு. தாலி கட்டுவதை உள்ளே வைத்து, மாலை வரவேற்பை வெளியே வையுங்கள் என்றே பிள்ளைகளிடம் சொல்கிறேன். மழை வந்தால் உள்ளே மாற மண்டபம் அன்றைக்குக் காலியாக இருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். வெளியே உங்களுக்கும் உள்ளே வேறொருவருக்கும் கொடுத்த ஹோட்டலும் உண்டு.

எந்த மாதத்தில் இடம் கிடைக்கும்?

வன்னிக் கல்யாணத்தில் பாதிச் சொந்தம் வெளிநாட்டில். அவர்களுக்கு லீவு ஆடியிலும் மார்கழியிலும்தான் வருகிறது. எங்களுக்கு அந்த இரண்டு மாதத்திலும் நல்ல காரியம் இல்லை. இந்த முரண்பாட்டில்தான் எல்லா நெருக்கடியும் பிறக்கிறது.

சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ், லண்டன் எங்கே என்றாலும் பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஆகஸ்ட்தான். ஆடி மாதம் ஜூலை நடுப்பகுதியில் பிறந்து ஆகஸ்ட் 16 அளவில் முடிகிறது. ஆவணி பிறந்ததும் விடுமுறை முடிவதற்குள் இரண்டு கிழமைதான் கையில். அந்த இரண்டு கிழமைக்குள் வரும் நாலைந்து நல்ல முகூர்த்தத்துக்கு மொத்த வடக்கும் அடிபடுகிறது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழா. ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. வவுனியா, மன்னார்ப் பக்கம் அறை தேடுவது பெரிய பாடு. ஆவணியில் வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்கு முன்பே மண்டபத்தைப் பிடியுங்கள். குருக்களையும் மேளக்காரரையும் அதே நாளில் பிடியுங்கள். மண்டபம் கிடைத்து மேளம் கிடைக்காமல் போனவர்கள் உண்டு.

மார்கழிக்கு வழி, தை பிறக்கும்வரை லீவை நீட்டச் சொல்வது. அல்லது டிசம்பர் முதல் இரண்டு கிழமை, கார்த்திகை முடிவதற்குள் வைப்பது. ஆனால் அது நல்ல மழைக்காலம். உள்ளூர்ச் சொந்தம் மட்டும் என்றால் வைகாசி, ஆனி, தை, மாசியில் நிதானமாகத் தேதி எடுக்கலாம். புரட்டாதியிலும் பலர் நல்ல காரியம் வைப்பதில்லை, அதனால் மண்டபங்கள் காலியாக இருக்கும், விலையும் பேசலாம்.

பஞ்சாங்கத்தில் நல்ல நாள். ஆனால் மே 18 கிட்ட வருகிறது. வைக்கலாமா?

பஞ்சாங்கத்தில் தடை இல்லை. ஆனால் வன்னியில் அந்தக் கிழமையில் மேளம் அடிக்க மனம் வராது. 2009இல் இதே நாட்களில் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் ஆளை இழக்காத வீடு உங்கள் அழைப்பிதழ்ப் பட்டியலில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மாவீரர் நாளான நவம்பர் 27ஐ அண்டிய நாட்களும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து தேதி குறிப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவதைக் கண்டிருக்கிறேன். வந்தவர்கள் சாப்பிட்டார்கள், ஆனால் ஒருவரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

முல்லைத்தீவுப் பக்கச் சொந்தம் அதிகமென்றால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலையும் பாருங்கள். வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை வரும். பொங்கலுக்கு முன்னோடியான பாக்குத்தெண்டல் சடங்கு தொடங்கிவிட்டால் அந்தப் பக்கத்துச் சனத்தின் நினைப்பு முழுக்கக் கோவிலில்தான்.

கன்னிக்கால், பொன்னுருக்கு எல்லாம் ஹோட்டலில் செய்யலாமா?

செய்து தர ஹோட்டல் தயார். நான்தான் வேண்டாம் என்பேன்.

பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடப்பது. பத்தர் வந்து, உமிக்கரி போட்டு, தாலிக்கான பொன்னை உருக்குவதைச் சுற்றி நின்று பார்க்கிற காரியம். அதற்கு ஒரு முற்றம் போதும். கன்னிக்காலும் முற்றத்தில் ஊன்றுவது. முளைப்பாலிகை சில நாளுக்கு முன்பே வீட்டில் விதைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பது. இவற்றை ஹோட்டல் அறைக்குள் கொண்டுபோனால் நாலு பேர் பார்க்க, வீடியோக்காரர் சொல்லச் சொல்ல நடக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்பு இங்கே கல்யாணம் என்றால் ஊரே வேலை செய்யும். ஒரு கூட்டம் காட்டுத்தடி வெட்டிப் பந்தல் போடும், ஒரு கூட்டம் கிடாரத்தில் சோறு அவிக்கும், பெண்கள் இரவிரவாகத் தேங்காய் துருவுவார்கள். ஹோட்டலில் வைத்தால் அந்த வேலை எல்லாம் போய்விடுகிறது. வேலை போனதும் அந்த ஆட்கள் வெறும் விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் மாமாமாரைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். அதனால் பயற்றம் பணியாரமும் அரியதரமும் வீட்டில் சுடட்டும். மாவிலைத் தோரணம் ஊர்ப் பொடியன்கள் கட்டட்டும். வாசலுக்குக் குலை வாழையை யாராவது ஒரு சித்தப்பாவின் தோட்டத்திலிருந்து வெட்டி வரட்டும். ஹோட்டலோடு பேசும்போதே, 'வெளிச் சோடனை எங்கள் ஆட்கள்' என்று எழுதிவிடுங்கள். சில ஹோட்டல் தங்கள் சோடனைக்காரரைத்தான் வைக்க வேண்டும் என்று நிற்கும். வாசலையாவது விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். விட்டுக்கொடுப்பார்கள்.

பொம்பிளையின் அப்பா இல்லை. கன்னிகாதானம் யார் செய்வது?

வன்னியில் ஒவ்வொரு மாதமும் யாராவது என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். வழக்கப்படி தம்பதியாக இருப்பவர்கள் தாரை வார்க்க வேண்டும். பெரியப்பா பெரியம்மா, மாமா மாமி யாராவது மணவறைக்கு வருவார்கள். குருக்கள் அதற்கேற்ப ஓதுவார். அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் அம்மாவை எங்கே இருத்துவது என்பதில். தனி ஆளாக நின்று, முகாமிலும் கொட்டிலிலும் வளர்த்து, படிக்கவைத்து, நகை சேர்த்து இந்தப் பிள்ளையை மணவறை வரை கொண்டுவந்த தாயை, பொட்டு இல்லை என்பதற்காகத் தூணுக்குப் பின்னால் நிற்கவைக்கிறார்கள். நான் சம்பளத்துக்கு வந்தவன், வீட்டுக்காரரின் சடங்கில் வாய் வைக்கக்கூடாது. ஆனாலும் இதில் வைத்துவிடுவேன். குருக்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். தாய் தனியாகவே தாரை வார்க்கச் சம்மதிக்கும் குருக்கள்மார் இருக்கிறார்கள். அது முடியாது என்றாலும் முதல் அறுகரிசி தாய் போடலாம், முதல் வரிசையில் நடுக்கதிரை தாய்க்கு இருக்கலாம். ஆலாத்தி எடுக்கவும் சில வீடுகளில் இப்போது விடுகிறார்கள். எந்த வானமும் இடியவில்லை.

அப்பா காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் அழைப்பிதழில் 'அமரர்' என்று போட வேண்டுமா என்று அச்சகத்தில் கேட்பார்கள். தாய் சொல்வதுதான் முடிவு. ஒரு தாய் பெயருக்கு முன்னால் 'திரு' என்றே போடச் சொன்னார். மேடையில் படம் வைக்க வேண்டாம், மாலையும் வேண்டாம், ஒரு கதிரையை மட்டும் காலியாக விடுங்கள் என்றார். விட்டோம். மண்டப ஊழியர் ஒருவர் விபரம் தெரியாமல் அதை எடுக்கப் போனார். பொம்பிளையின் தம்பி ஓடி வந்து தடுத்தான். இப்படியான ஏற்பாடு இருந்தால் ஊழியர்களுக்கு முதலே சொல்ல வேண்டும் என்பதை அன்றைக்குப் படித்துக்கொண்டேன்.

ஹோட்டலிலேயே எழுத்து (திருமணப் பதிவு) வைக்கலாமா?

வைக்கலாம். பதிவாளர் தன் அலுவலகத்துக்கு வெளியே வந்து பதிவதற்கு அனுமதியும் கட்டணமும் தனி. உங்கள் பிரிவு விவாகப் பதிவாளரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், நானோ ஹோட்டலோ போய் ஆகாது. இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வழக்கமான வழியில் என்றால் அறிவித்தல் கொடுத்துக் குறைந்தது 12 நாள் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் விசேட அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்றால் முன்பு மணமாகவில்லை என்ற சான்றிதழ் உட்பட மேலதிக கடிதங்கள் கேட்பார்கள். விமானம் ஏறும் முன்பே அவற்றை எடுத்துவரச் சொல்லுங்கள், இங்கே வந்து இறங்கிய பிறகு ஓடித் திரியாமல்.

எழுத்தை மட்டும் சின்னதாக வைக்க ஐம்பது பேர் கொள்ளும் அறை போதும். அதற்கும் பெரிய மண்டபத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

நாங்கள் கத்தோலிக்கர். சுவாமி ஹோட்டலுக்கு வந்து மெழுகுதிரி ஏற்றிக் கல்யாணம் செய்துவைப்பாரா?

திருமணத் திருவருட்சாதனம் பங்குக் கோவிலில் நடப்பதுதான் திருச்சபையின் முறை. வேறு இடம் வேண்டுமென்றால் ஆயரின் அனுமதி வேண்டும். ஹோட்டல் புல்வெளிக்காக அதைக் கேட்க வேண்டாம் என்றே சொல்வேன். கோவிலில் ஓலை (திருமண அறிவித்தல்) வாசிக்கும் ஞாயிறுகளைக் கணக்கெடுத்துத் தேதி வையுங்கள், தவக்காலத்தைத் தவிருங்கள். பூசை முடிந்து சனம் ஹோட்டலுக்கு வரும் நேரத்துக்கும், சோடி படம் எடுத்துவிட்டு வரும் நேரத்துக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விழும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குக் குளிர்பானமும் ரோல்ஸும் இல்லையென்றால் கேக் வெட்டும்போது எல்லாருடைய முகமும் வாடியிருக்கும்.

முஸ்லிம் கல்யாணத்துக்கு எது மாறும்?

நிக்காஹ் சுருக்கமானது. வலி (பெண்ணின் பொறுப்பாளர்), சாட்சிகள், மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை), பதிவாளர் வந்துவிட்டால் மண்டபத்தின் ஒரு மூலையிலும் முடித்துவிடலாம். பலர் பள்ளிவாசலில் முடித்துவிட்டு வலீமா விருந்துக்கு மட்டும் ஹோட்டலுக்கு வருகிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி இடம் வேண்டுமா, நடுவில் திரை போதுமா என்பதை இரண்டு வீட்டாரும் முதலே பேசி முடிக்க வேண்டும். குசினி முழுக்க ஹலாலா, இறைச்சி மட்டும் ஹலாலா என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டும் வேறு.

மாப்பிள்ளை சிங்களவர். இரண்டு முறையும் ஒரே நாளில் செய்யலாமா?

வவுனியாவில் இது புதிதில்லை. சிங்களவர்களின் மணமேடையான பொருவவும் நம் மணவறையும் ஒரே மேடையில் நிற்காது. மண்டபத்தின் இரண்டு பக்கமும் போடுங்கள். அவர்களுக்கும் சுபநேரம் உண்டு, நமக்கும் முகூர்த்தம் உண்டு. சோதிடர்கள் இருவரையும் தொலைபேசியில் பேசவைத்து இரண்டு மணித்தியால இடைவெளி வாங்கினால் போதும். நடப்பது என்ன என்று இரண்டு மொழியிலும் விளக்க ஒருவரை ஒலிவாங்கியோடு நிறுத்துங்கள். அம்மி மிதிப்பது ஏன் என்று நம் பிள்ளைகளுக்கும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

சாப்பாடு வாழையிலையிலா, பஃபேயா?

தாலி கட்டிய மத்தியானம் இலை. மாலை வரவேற்புக்குப் பஃபே. இதில் எனக்கு வேறு கருத்தில்லை. கையில் பீங்கானோடு வரிசையில் நிற்பது பெரியவர்களுக்கு இன்றைக்கும் ஏதோ நிவாரணத்துக்கு நிற்பதுபோல இருக்கிறது. அப்படி நின்ற காலம் இங்கே ரொம்பத் தூரத்தில் இல்லை.

இலைக்கு ஆள் வேண்டும். ஹோட்டல் ஊழியர் மேசை துடைப்பார், ஆனால் பந்தி பரிமாறத் தெரியாது. கத்தரிக்காய்ப் பால்கறி எந்தப் பக்கம், பாயாசம் எப்போது, 'இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ' என்று எந்த நேரம் கேட்பது என்பதெல்லாம் ஊர்ப் பொடியன்களுக்குத்தான் கைவந்தது. அவர்களை விடுங்கள். சைவச் சமையலுக்குத் தனிச் சட்டி பானை இருக்கிறதா என்று குசினிக்குள்ளேயே போய்ப் பாருங்கள். தயிருக்கு வன்னி எருமைத்தயிர் மண்சட்டியில் வாங்கலாம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் அதைத்தான் முதலில் முடிப்பார்கள். வைகாசி, ஆனியில் கல்யாணம் என்றால் பாலைப்பழம் கிடைக்கும். ஒரு வீட்டில் வாசலில் கற்கண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடகம் நிறையப் பாலைப்பழம் வைத்தார்கள். கனடாவிலிருந்து வந்த மாமா ஒருவர் மண்டபத்துக்குள் வரவேயில்லை, உதடு ஒட்ட ஒட்ட வாசலிலேயே நின்றார்.

எத்தனை பேருக்குச் சொல்வது? யாரும் 'வருகிறோம்' என்று உறுதியாகச் சொல்ல மாட்டார்கள்.

சொல்ல மாட்டார்கள்தான். வெற்றிலை பாக்கோடு வீட்டுக்குப் போய்ச் சொன்ன அழைப்புக்குப் பதில் கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. உள்ளூர் வீடுகளுக்கு வீட்டுக்கு மூன்று பேர், வெளியூருக்கு இரண்டு என்று நான் கணக்குப் போடுவேன். இதுவரை பெரிதாகப் பிழைக்கவில்லை. ஹோட்டலிடம் உங்கள் கணக்கைவிட ஐம்பது குறைத்துக் குறைந்தபட்ச எண்ணிக்கை எழுதுங்கள். கூடினால் சோறு போட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிய எண்ணிக்கைக்குச் சனம் வராவிட்டாலும் காசு கட்ட வேண்டும்.

பில் ஏன் பேசியதைவிடக் கூடுகிறது?

ஒரு தட்டு 3,000 ரூபா என்று பேசியதாக வையுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்ந்தால் 3,300. அதன்மேல் பெறுமதி சேர் வரி 18 வீதம் சேர்ந்தால் 3,894. ஐந்நூறு பேருக்கு நாலரை இலட்சம் வித்தியாசம். இதைவிட சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதமும் சிலர் போடுவார்கள். வரிக்குப் பதியாத சின்ன இடங்களில் இவை இல்லை. 'எல்லாம் சேர்த்து, கையில் கட்டும் தொகை எவ்வளவு?' என்று மட்டும் கேளுங்கள். வெளியிலிருந்து கேக், மேளம், சோடனை கொண்டுவந்தால் தனிக் கட்டணம் உண்டா என்பதும் அதே கடதாசியில் இருக்கட்டும்.

வீட்டில் துடக்கு வந்துவிட்டால் முற்பணம் போய்விடுமா?

நெருங்கிய சொந்தத்தில் இறப்பு நடந்தால் 31 நாளுக்கு நல்ல காரியம் இல்லை. ஹோட்டல் ஒப்பந்தத்தில் இது இருக்காது. அது எங்கேயோ அடித்த கடதாசி. 'குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் முற்பணத்தை ஒரு வருடத்துக்குள் வேறு தேதிக்கு மாற்றலாம்' என்று கையால் ஒரு வரி எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். வன்னி ஹோட்டல்காரர் யாரும் இதை எனக்கு மறுத்ததில்லை. ஆனால் எழுதாமல் விட்டால், அன்றைக்கு மேசையில் இருக்கும் முகாமையாளருக்கு ஒன்றும் தெரியாது.

வெடி, டிஜே, ட்ரோன்?

ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை நாடு முழுக்கக் கட்டுப்பாடு. அதிகாலை முகூர்த்தம் என்றால் மேளம் ஒலிவாங்கி இல்லாமல் வாசிக்கட்டும், அதுவே அழகு. ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். படக்காரரிடம் அந்தக் கடதாசியைக் கேளுங்கள்.

வெடி வேண்டாம். சட்டத்துக்காக இல்லை. மாப்பிள்ளை இறங்கும்போது சீனவெடி கொளுத்தினால் பொடியன்கள் கைதட்டுவார்கள். அதே நேரம் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் தோளைப் பாருங்கள். ஒரு அம்மா மேசைக்குக் கீழே குனிந்ததை நான் கண்டிருக்கிறேன். பிறகு ஏதோ விழுந்ததைத் தேடியதுபோலச் சமாளித்தார்.

குடி?

மத்தியானம் இல்லை, மாலையில் உங்கள் விருப்பம். பௌர்ணமிப் போயா தினத்தில் மதுவும் இறைச்சியும் விற்க முடியாது. தேதி குறிக்கும்போது நாட்காட்டியைப் பாருங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் திரும்பிப் போகிறவர்கள் இருட்ட முன்பே வெளிக்கிடட்டும். வீதியில் யானை நிற்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வவுனியாவுக்கு வருகிறார்கள். எத்தனை மணிக்கு வெளிக்கிடச் சொல்வது?

ஏ9 வழியே சுமார் 140 கிலோமீற்றர். பஸ் என்றால் மூன்று மணித்தியாலம் வையுங்கள், அதற்குமேல் முறிகண்டிக்கு அரை மணித்தியாலம். முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போகும் சாரதி இல்லை. கல்யாண பஸ் என்றால் கேட்கவே வேண்டாம். தேங்காய் உடைக்க, திருநீறு பூச, தேத்தண்ணீர் குடிக்க, பிள்ளைகளுக்குக் கச்சான் வாங்க என்று எல்லாரும் இறங்குவார்கள். முகூர்த்தம் ஒன்பதரைக்கு என்றால் நாலரைக்குப் பஸ் ஏறட்டும், எட்டு எட்டேகாலுக்கு வந்து இறங்கி முகம் கழுவி வெளிக்கிட நேரம் இருக்கும். உடைக்கும் தேங்காயை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். அங்கேயே விற்பார்கள்.